மனசுக்காக வயிற்றைக் கவனிப்பது எப்படி? தோட்டப்புறத்துச் சமையலறையிலேயே தொடங்கலாம்

பரீட்சை நாளில் பிள்ளைக்கு வயிறு கலங்குவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். மூளை வயிற்றோடு பேசுகிறது. வயிறும் மூளையோடு பேசுகிறது, அந்தப் பேச்சில் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு என்கிறது கடந்த இருபது ஆண்டு ஆராய்ச்சி. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய டவுனில் இருக்கும் நாம் காசைக் கொட்டாமல் இதில் என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.

2004-ல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளை அசையவிடாமல் அடைத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றுக்கு மன அழுத்த ஹார்மோன் எகிறியது. ஒரு வகை பிஃபிடோபாக்டீரியாவைக் குடலில் சேர்த்ததும் அடங்கியது. 2011-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு லாக்டோபசிலஸ் வகையைக் கொடுத்த எலிகளுக்குப் பதற்றம் குறைந்தது, ஆனால் குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டியபோது அந்தப் பலன் காணாமல் போனது. அதே பாக்டீரியாவைப் பின்னால் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள், எலியில் கண்ட பலன் கிடைக்கவில்லை.

இந்தக் கடைசி வரியை, வீடு வீடாக வந்து புரோபயோட்டிக் (நல்ல பாக்டீரியா சேர்த்த) பவுடர் விற்பவர்கள் சொல்வதில்லை. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தில் 90 விழுக்காடு குடலில்தான் உருவாகிறது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் குடலில் உருவாகும் செரட்டோனின் மூளைக்குள் நுழையாது. பாக்டீரியா மூளையை எட்டுவது வேகஸ் நரம்பு வழியாக, நோய் எதிர்ப்பு அணுக்கள் வழியாக, அப்புறம் நார்ச்சத்தைத் தின்று அவை உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் வழியாக. ஆகவே டப்பாவில் புதுசாக வாங்குவதைவிட, உள்ளே ஏற்கெனவே இருப்பவற்றுக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடுங்கள் என்பதுதான் என் கருத்து.

2017-ல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து 12 வாரம் ஆய்வு நடத்தினார்கள். காய்கறி, பருப்பு, முழுதானியம், மீன் என்று மாறியவர்களில் 32 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நன்றாகத் தணிந்தது, சாப்பாட்டை மாற்றாத மற்றப் பிரிவில் 8 விழுக்காடுதான். சின்ன ஆய்வு, பெரும்பாலோர் சிகிச்சையிலும் இருந்தார்கள், என்றாலும் ஒதுக்கிவிட முடியாத முடிவு.

சரி, நார்ச்சத்திலிருந்து தொடங்குங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் வெள்ளைச் சோறு, ராத்திரி மீ கோரேங் என்று போனால் அதன் கிட்டேயே போக முடியாது. வேலியோர முருங்கைக்கீரை, பசார் மாலத்தில் கட்டுக்கட்டாக விற்கும் பாயாம் கீரை, காராமணி, கொண்டைக்கடலை, வாழைப்பூ, வல்லாரை எல்லாம் போதும், வெளிநாட்டு டப்பா எதுவும் தேவையில்லை. ஒரேயடியாக ஏற்றினால் வயிறு ஊதும். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கீரை, பருப்பைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

அடுத்து தயிர். மாடு வைத்திருப்பவரிடம் பால் வாங்கினால் பொங்கக் காய்ச்சுங்கள், பச்சையாக வேண்டாம். விரல் வைத்தால் வெதுவெதுப்பாகச் சுடும் அளவுக்கு ஆறியதும், இனிப்பு சேர்க்காத பழைய தயிர் ஒரு கரண்டி கலந்து மூடி, அசைக்காமல் வையுங்கள். நம் ஊர் சூட்டுக்கு ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும், விடியும்வரை வெளியே விட்டால் புளித்துப்போகும், அதனால் சாயங்காலம் உறை ஊற்றிப் படுக்கும்முன் பார்த்து ஐஸ்பெட்டியில் வைத்துவிடுங்கள். மோர்க்குழம்பு ருசிதான், ஆனால் கொதித்தால் பாக்டீரியா செத்துவிடும். தயிராகவோ நீர்மோராகவோ சாப்பிடுங்கள். பொரித்த தெம்பேயும் அப்படித்தான், உயிருள்ள கிருமி மிஞ்சாது, ஆனால் சோயாவின் நாரும் புரதமும் இருக்கிறதே, தாராளமாக வாங்கலாம். புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் இப்படிப் புளித்ததைச் சாப்பிடுமுன் மருத்துவரிடம் பேசட்டும்.

இனிப்பையும் குறையுங்கள்: ஒட்டுக்கடையில் தே தாரிக்கைக் குறைத்து, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேட்டுப் பழகுங்கள்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயோட்டிக் கொடுங்கள் என்று கிளினிக்கில் அடம்பிடிக்காதீர்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது, குடலில் நல்லதையும் சேர்த்து அழிக்கும். டாக்டரே கொடுத்தால் அவர் சொன்னபடி முடியுங்கள். சில ஆன்டிபயோட்டிக்கைப் பாலோடும் தயிரோடும் சேர்த்து எடுக்கக் கூடாது, எத்தனை மணி நேரம் இடைவெளி என்று மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இருண்டே கிடந்தால், தூக்கமும் பசியும் போய் வேலைக்குப் போகவே முடியவில்லை என்றால், தயிர் பலன் தரட்டும் என்று காத்திருக்காமல் அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். மனநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதையெல்லாம் கூடவே செய்யலாம், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள், சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555, ஆபத்தான நேரம் என்றால் 999.