கெட்-டுக்கு ஒரே அர்த்தம் தேடாதீங்க, பக்கத்துல என்ன நிக்குதுன்னு பாருங்க

சாயங்காலம் எங்க தெரு பசங்க நாலஞ்சு பேருக்கு மொட்டை மாடியில ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறேன், எல்லாரும் பெரிய வார்த்தை தெரியலன்னுதான் வருத்தப்படுவாங்க, ஆனா பேச்சு தடுக்கி நிக்கிறது சின்ன வார்த்தையிலதான். அதுல முதல் ஆள் கெட் (get). டிக்‌ஷனரியில "பெறு, அடை"ன்னு போட்டிருக்கும், அதை மனப்பாடம் பண்ணிட்டு "இட்ஸ் கெட்டிங் லேட்"டைப் பார்த்தா "தாமதம் பெறுகிறது"ன்னு வரும், யாராவது அப்படிப் பேசுவாங்களா? நேரமாயிட்டு இருக்குன்னு சொல்லுவோம், அவ்வளவுதான்.

நான் சொல்லிக் குடுக்கிற வழி ஒண்ணுதான். கெட்டைப் பார்த்ததும் அர்த்தம் யோசிக்காதீங்க, அதுக்கு அடுத்து என்ன வார்த்தை வருதுன்னு பாருங்க. பொருளா, நிலைமையா, இடமா, இல்ல "டு"வா, அதுதான் அர்த்தத்தை முடிவு பண்ணும்.

அடுத்து ஒரு பொருள் வந்தா சுலபம் (நடந்து முடிஞ்சதுக்கு கெட், காட் (got) ஆயிடும்). "ஐ காட் எ ஜாப்", எனக்கு வேலை கிடைச்சிருச்சு. இதுல கவனிக்க வேண்டியது தமிழ்ல "எனக்கு"ன்னு ஆரம்பிப்போம், இங்கிலீஷ்ல "ஐ"ன்னுதான் ஆரம்பிக்கணும், அந்த "எனக்கு"வை அப்படியே கொண்டுபோய் "ஃபார் மீ ஜாப் காட்"ன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. காசு குடுத்த விஷயம்னா வாங்கினேன், சளி காய்ச்சல்னா பிடிச்சிருச்சு, "கெட் மீ சம் வாட்டர்"னா கொண்டு வா. காலிங் பெல் அடிக்கும்போது ஒருத்தர் "ஐல் கெட் இட்"ன்னு எழுந்தா போய்த் திறக்கிறேன்னு அர்த்தம், அதையே ஹோட்டல்ல பில் வந்ததும் "ஐல் கெட் திஸ்"னு சொன்னா நான் குடுத்துடறேன்னு அர்த்தம். "ஐ காட் இட்"ன்னா சில நேரம் கையில கிடைச்சது, சில நேரம் புரிஞ்சிருச்சு, எதுன்னு அந்த இடத்தை வச்சு தெரியும், ஆனா "ஐ டோன்ட் கெட் இட்"ன்னு வந்தா பெரும்பாலும் புரியலன்னுதான்.

அடுத்து ஒரு நிலைமை வந்தா, அதாவது டயர்ட், வெட், ஆங்ரி, லேட் மாதிரி, அங்க கெட்னா "ஆகு". இருக்குறதுக்கும் ஆகுறதுக்கும் தமிழ்ல இருக்கிற வித்தியாசம்தான் "ஈஸ்"ஸுக்கும் கெட்டுக்கும். "ஐ ஆம் மேரீட்"னா எனக்கு கல்யாணம் ஆகி இருக்கு, இப்போ உள்ள நிலைமை. "ஐ காட் மேரீட் இன் 2015"னா 2015ல கல்யாணம் ஆச்சு, அன்னைக்கு நடந்த விஷயம். (மேரீட்க்கு அப்புறம் "டு" போடுங்க, நம்ம "கூட" ஞாபகத்துல "வித்" போட்டுடாதீங்க.)

இங்க ஒரு பள்ளம் இருக்கு, நல்லா படிச்சவங்களே விழுவாங்க. நான் டாக்டர் ஆயிட்டேன்னு சொல்ல "ஐ காட் எ டாக்டர்"னு சொன்னா எனக்கு ஒரு டாக்டர் கிடைச்சார்னு ஆயிடும்! டாக்டர்ங்கறது நிலைமை இல்ல, பேர்ச்சொல், அதுக்கு "பிகேம்" போடணும். கோபம் ஆகலாம், ஈரம் ஆகலாம், பெரிய ஆளா ஆகுறதுக்கு மட்டும் கெட் உதவாது.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். "ஹீ காட் ஃபயர்ட்", அவனை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. "ஐ காட் ஸ்கோல்டட்", திட்டு வாங்கினேன். பாருங்க, நாமளும் "திட்டு வாங்கினேன், அடி வாங்கினேன்"னுதான சொல்றோம்! கடையில போயா வாங்கினோம், நம்ம மேல வந்து விழுந்ததைத்தான் வாங்கினேங்கறோம், இங்கிலீஷ்காரன் காட்டை அதே வேலைக்குத்தான் வச்சிருக்கான். அதனால இந்த ஒரு இடத்துல தமிழே உங்களுக்கு வாத்தியார், வாங்கினேன்னு தோணுற மாதிரி ஒருத்தர் மேல வந்து விழுற விஷயத்துக்கு காட் போட்டா பெரும்பாலும் சரியா இருக்கும். கோயில் எப்போ கட்டினாங்க, சட்டம் எப்போ போட்டாங்கங்கற மாதிரி அமைதியான தகவலுக்கு "வாஸ்" போதும்.

அடுத்தது முடி வெட்டுற கதை. எங்க கிளாஸ்ல ஒரு பையன், புது வேலை, ஃபோன்ல வெளிநாட்டு ஆளுங்களோட பேசணும். ஒருநாள் வீடியோ மீட்டிங்ல ஒரு வெளிநாட்டு அம்மா புது லுக் நல்லா இருக்கேன்னு கேட்டதுக்கு "யெஸ், ஐ கட் மை ஹேர் யெஸ்டர்டே"ன்னு சொல்லியிருக்கான், அந்தம்மா நிஜமாவே ஆச்சரியப்பட்டு நீயேவான்னு கேட்டிருக்காங்க, இவனுக்கு ஏன் கேக்கறாங்கன்னே புரியல, எங்கிட்ட வந்து கேட்டான். தமிழ்ல "முடி வெட்டிக்கிட்டேன்"ங்கறோம், அந்த "க்கிட்டேன்"ல சலூன்காரர் ஒளிஞ்சு நிக்கிறார், கேக்கறவங்களுக்கு அது தெரியும். இங்கிலீஷ்ல "ஐ கட்"னா கத்தரி உங்க கையிலதான். அதனால "ஐ காட் மை ஹேர் கட்"னு சொல்லணும், வரிசையைப் பாருங்க, காட், அப்புறம் பொருள், கடைசியில என்ன நடந்துச்சோ அது. பைக் சர்வீஸ் விட்டீங்களா, "ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்". பல் பிடுங்கினீங்களா, "ஐ காட் மை டூத் புல்ட் அவுட்". இதையும் நாமளே பிடுங்கின மாதிரி நிறைய பேர் சொல்லிடறாங்க. இந்த ஒரு அமைப்பை மட்டும் ஒரு வாரம் பழகுங்க, டெய்லர், மெக்கானிக், பெயின்டர், ஜெராக்ஸ் கடைன்னு அடுத்தவங்க நமக்காக செய்யற எல்லாமே இதுல அடங்கிடும்.

"டு" வந்தா காதைத் தீட்டிக்கணும். "ஐ காட் டு சீ ஹிம்"னா அவரைப் பாக்குற வாய்ப்பு கிடைச்சுது, சந்தோஷமான விஷயம். "ஐவ் காட் டு சீ ஹிம்"னா அவரைப் பார்த்தே ஆகணும், கட்டாயம். நடுவுல ஒரு சின்ன "வ்", அதுதான் வித்தியாசம், வேகமாப் பேசும்போது அந்த "வ்"வும் மறைஞ்சு "காடா"ன்னு ஆயிடும், அப்போ முன்ன பின்ன பேச்சை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். பார்த்து முடிச்ச கதை மாதிரி போச்சுன்னா வாய்ப்பு, இனிமே நடக்கணும்னா கட்டாயம்.

இடத்துக்கு வருவோம். "கெட் டு தி ஸ்டேஷன்" போய்ச் சேரு, ஆனா ஹோம், ஹியர், தேர் மூணுக்கும் "டு" வேண்டாம், "கெட் ஹோம்" போதும். வண்டியில ஏறி இறங்குறதுக்கு நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் "கெட் டவுன்"தான், பஸ்ல கெட் டவுன், கார்ல கெட் டவுன், நமக்குள்ள பேசிக்கிறப்போ எல்லாருக்கும் புரியும், இந்திய இங்கிலீஷ்ல அது ஊறிப்போன பழக்கம். ஆனா லண்டன்லயோ நியூயார்க்லயோ யாராவது "கெட் டவுன்!"னு கத்தினா குனி, தரையோட படுன்னு அர்த்தம். அங்க பஸ், ட்ரெயின், பைக்னா "கெட் ஆஃப்", காரோ டாக்ஸியோ "கெட் அவுட் ஆஃப்". ஒரு எளிய கணக்கு: உள்ள எழுந்து நின்னு நடக்க முடியுற வண்டி, இல்ல மேல காலைப் போட்டு உக்கார்ற வண்டின்னா ஆன், ஆஃப். குனிஞ்சு உள்ள நுழைஞ்சு உக்கார்றதுன்னா இன், அவுட். அப்போ நம்ம ஆட்டோ? "கெட் இன்"தான்.

கெட் அலாங், கெட் ஓவர், கெட் பை, கெட் அவே வித் மாதிரி ஜோடிகள் நிறைய இருக்கு, எல்லாத்தையும் ஒரே நாள்ல உருப்போட்டா மறுநாளே கலந்துடும், படிக்கும்போது எதிர்ப்படுறதை அந்த வரியோடவே எழுதி வைங்க. ஆபீஸ்ல வேலைக்காகுற ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிடறேன், "ஐல் கெட் பேக் டு யூ", விசாரிச்சு அப்புறம் பதில் சொல்றேன். நம்ம ஆட்கள் இதுக்கு "ரிவர்ட்" போடுவாங்க, வெளிநாட்டுல பல பேருக்கு அது பழைய நிலைமைக்குத் திரும்புறதுன்னுதான் படும், பதில் போடுறதுன்னு தோணாது.

கெட்டுக்கு காட்டன்னு (gotten) இன்னொரு வடிவம் இருக்கே, அதைப் பத்தி அடிக்கடி கேக்கறாங்க, தப்பான்னு. தப்பே இல்ல, அமெரிக்காவுல "ஐவ் காட்டன் எ கார்"னா புதுசா வாங்கியிருக்கேன், "ஐவ் காட் எ கார்"னா எங்கிட்ட இருக்கு. பிரிட்டன்ல பெரும்பாலும் ரெண்டுக்குமே காட்தான். காட்டன் அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு சில பேர் நினைக்கிறாங்க, அது பழைய வடிவம்தான், இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல போனவங்களோட போய் அங்க தங்கிருச்சு, இங்கிலாந்துல பெரும்பாலும் வழக்கொழிஞ்சு போச்சு. ஆனா ஃபர்காட்டன் மட்டும் ரெண்டு பக்கமும் உயிரோட இருக்கு, அந்த ஃபர்கெட்டுக்குள்ள இருக்கிறதும் இதே குடும்பத்து கெட்தான், பிடியில இருந்ததை விட்டுட்டோம்னு வச்சுக்கோங்க. கெட்டே இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்த வார்த்தைதான், ஸ்காண்டிநேவியாவிலேர்ந்து கடல் வழியா வந்த வைக்கிங்குகள் வட இங்கிலாந்துப் பக்கம் குடியேறினப்போ அவங்க நார்ஸ் மொழியோட "கெட்டா"விலேர்ந்து வந்தது. நம்ம தமிழுக்கும் ஒரு கிளை வந்திருக்கு, நடிகர் புது கெட்டப்ல வர்றாருன்னு சொல்றோமே, அது "கெட் அப்"தான்.

எழுதும்போது ஒரு விஷயம். ஃப்ரெண்டுக்கு "ஐ காட் யுவர் மெசேஜ்"னு தாராளமா அனுப்புங்க. பேங்க்குக்கோ யுனிவர்சிட்டிக்கோ லெட்டர் எழுதினா காட் வர்ற இடத்துல எல்லாம் ஒரு நிமிஷம் நில்லுங்க, வந்து சேர்ந்ததுன்னா "ரிசீவ்ட்", அலைஞ்சு வாங்கினதுன்னா "அப்டெய்ன்ட்", ஆனதுன்னா "பிகேம்". எங்க கிளாஸ்ல அந்த முடி வெட்டின பையன் இப்போ மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி காட்டை எல்லாம் மஞ்சள்ல அடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா மாத்துறான், போன வாரம் ஒரு பக்க லெட்டர்ல ஏழு இருந்துச்சு, அஞ்சை மாத்திட்டான், மீதி ரெண்டை விட்டுடலாம்னு நான்தான் சொன்னேன்.