படம் கையைவிட்டுப் போன பிறகு: தானே கற்ற டிஜிட்டல் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடலுக்கு முற்பகலில் ஒரு நீலப்பச்சை நிறம் வரும். ஒரு சிறுவர் புத்தகத்துக்காக அந்த நிறத்தை நான்கு நாள் தேடித் திரையில் பிடித்தேன். அச்சகத்திலிருந்து முதல் தாள் வந்தபோது கடல் சாம்பல் பூத்துக் கிடந்தது. "மெஷினில் கோளாறு இல்லை அம்மா, உங்கள் ஃபைலில் இருப்பதுதான் வந்திருக்கிறது" என்றார் அங்கிருந்த பெரியவர். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, அரை மணி நேரம் விளக்கினார். மூன்று ஆண்டுகளாக வீடியோ பார்த்துக் கற்றதில் இல்லாத ஒரு பாடம் அந்த அரை மணி நேரத்தில் கிடைத்தது.

நான் ஓவியத்தைக் கல்லூரியில் படிக்கவில்லை. புதுச்சேரி அரியாங்குப்பத்திலுள்ள பாரதியார் பல்கலைக்கூடம் போன்ற இடங்களில் படித்தவர்களுக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மூத்த மாணவர்கள் இருக்கிறார்கள்; தொழிலைப் பற்றிக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நமக்கு வாய்த்தது யூடியூப். விரல்களை எப்படி வரைவது, நிழலை எந்த லேயரில் போடுவது என்பதையெல்லாம் அது நன்றாகவே சொல்லித் தருகிறது. வரைந்து முடித்த படம் நம் கையைவிட்டு அச்சகத்துக்கோ வாடிக்கையாளருக்கோ போகும்போது என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. தானே கற்றவர்கள் பணத்தையும் பெயரையும் இழப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

திரையை நம்பி அச்சுக்கு அனுப்புவது

திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளை நம்பியிருக்கிறது. ஒளியில் கிடைக்கும் சில நிறங்களை இந்த நான்கு மைகளால் தர முடியாது. பளிச்சென்ற நீலப்பச்சை, கிளிப்பச்சை, எரியும் ஆரஞ்சு ஆகியவைதான் முதலில் மங்கும். ஆகவே அச்சுக்குப் போகும் வேலை என்றால், வண்ணம் தொடுவதற்கு முன்பே இந்த நான்கு மைகளின் நிறங்களில் (சிஎம்ஒய்கே) அந்தப் படம் எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிரிட்டா, ஃபோட்டோஷாப், புரோகிரியேட் என்ற மூன்று வரையும் மென்பொருள்களிலும் இதற்கு வழி இருக்கிறது. முடித்த பிறகு மாற்றினால் வெட்டியபின் அளவெடுத்த சட்டை போலத்தான்.

அளவும் அப்படியே. இன்ஸ்டாகிராமுக்காக 1080 பிக்சல் அகலத்தில் வரைந்த படத்தை ஒருவர் அட்டைப்படமாகக் கேட்கிறார் என்று வையுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது 3.6 அங்குலம்தான் வரும். ஏ4 தாளை நிறைக்க 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். வெட்டில் போவதற்கென்று சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் படம் (பிளீட்) விடாவிட்டால், தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். கறுப்புக் கோடுகளில் இன்னொரு சங்கதி உண்டு. திரையில் போட்ட கறுப்பைச் சும்மா மாற்றினால் அது நான்கு மைகளின் கலவையாகிவிடும். அச்சில் மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பொருத்தம் (ரெஜிஸ்டர்) சிறிது பிசகினாலும் மெல்லிய கோட்டின் ஓரமெல்லாம் வண்ண நிழல் தட்டும். கோடுகளைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் வைத்துக் கொடுப்பது நல்லது.

தமிழ் எழுத்தைப் படத்தில் சேர்ப்பவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் 'கெண்டை' என்று அடித்துப் பாருங்கள்: ஒற்றைக்கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் ஒருவர் கைக்கு ஃபைல் போனால் அந்தப் பிழை அப்படியே அச்சேறிவிடும். நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடில் அனுப்பியது அங்கே திறக்கும்போது வேறாகத் தெரியலாம். அதனால்தான் அச்சகத்துக்காரர்கள் "எழுத்தைக் கர்வ் ஆக்கிக் கொடுங்கள்" என்கிறார்கள். எழுத்து வெறும் கோட்டு வடிவமாக மாறிவிட்டால் எந்தக் கணினியிலும் சிதையாது. மாற்றும் முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒரு நாள் அச்சகத்தில் போய் நில்லுங்கள். புரூஃப் என்ற சோதனைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர் பக்கத்தில் நின்று பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.

மணிக் கணக்கு போடாமல் விலை சொல்வது

என் முதல் புத்தகம் 24 பக்கம், இரண்டிரண்டு பக்கமாக 12 படங்கள். படத்துக்கு 800 ரூபாய் என்று சொன்னேன். மொத்தம் 9,600 ரூபாய் என்றதும் அந்த வயதில் பெரிய தொகையாகத் தெரிந்தது. வேலை முடிந்த பிறகுதான் நாட்குறிப்பைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு படத்துக்கு மாதிரிக் கிறுக்கல்கள் 3 மணி, கோட்டு வேலை 5 மணி, வண்ணம் 6 மணி, திருத்தங்கள் 4 மணி. ஆக 18 மணி நேரம். பன்னிரண்டு படங்களுக்கு 216 மணி. ஒரு மணி நேரத்துக்கு 44 ரூபாய் வாங்கியிருக்கிறேன். அதற்குள்தான் மின்சாரம், இணையம், தேய்ந்துபோன பேனா முனை எல்லாம்.

விலை குறைவு என்பதைவிட, திருத்தத்துக்கு எல்லை வைக்காததுதான் என்னை அதிகம் வதைத்தது. கிறுக்கல் கட்டத்தில் ஒருமுறை, கோட்டு வேலையில் ஒருமுறை, வண்ணத்தில் சிறு மாற்றங்கள் ஒருமுறை. அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் "சரி" என்று எழுத்தில் வாங்காமல் அடுத்ததற்குப் போவதில்லை. சட்டையின் நிறத்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. நின்றுகொண்டிருக்கும் சிறுமியை உட்கார வைப்பது புதுப் படம். இந்த வேறுபாடு வரையாதவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, நாம்தான் விளக்க வேண்டும்.

பாதிப் பணம் அட்வான்ஸாக வராமல் பேனாவைத் தொடாதீர்கள். மீதிப் பணம் வரும்வரை சிறிய அளவில், குறுக்கே பெயர் போட்ட பிரதியை மட்டும் காட்டுங்கள். "மாதிரிக்கு ஒன்று இலவசமாக வரைந்து கொடுங்கள், பிறகு நிறைய வேலை வரும்" என்று சொல்லி வாங்கியவர்களிடமிருந்து எனக்கு அந்த நிறைய வேலை ஒருபோதும் வந்ததில்லை.

சொந்தக்காரர்கள் விஷயம் தனி. கடலூரில் இருந்துகொண்டு கல்யாணப் பத்திரிகைக்கு மணமக்கள் படம் வரையாமல் தப்ப முடியாது. "நம் வீட்டுப் பெண்தானே, இதற்குமா காசு?" என்று அத்தை கேட்டால் கோபித்துக்கொள்ள மனம் வராது. ஆண்டுக்கு இத்தனை படம் அன்பளிப்பு என்று நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கொடுத்தால் மொய் எழுதுவது போல முழு மனதோடு கொடுக்கிறேன். பாதி விலைக்கு யாருக்கும் வரைவதில்லை. பாதி விலைதான் மனக்கசப்பில் முடிகிறது.

வாய்ப்பேச்சை நம்பிப் படத்தைக் கொடுப்பது

புதுச்சேரியில் ஒரு விருந்தினர் இல்லத்துக்கு உணவுப் பட்டியலுக்காக ஆறு கோட்டோவியங்கள் வரைந்து கொடுத்தேன். சொன்ன பணம் சொன்ன நாளில் வந்தது. இரண்டு ஆண்டு கழித்துத் தோழி ஒருத்தி புகைப்படம் ஒன்றை அனுப்பி, "இது உன் கோடுதானே?" என்று கேட்டாள். துணிப்பையிலும் காபிக் குவளையிலும் அதே ஆறு படங்கள், விலைச்சீட்டோடு. நேரில் போய்க் கேட்டேன். "காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்றார்கள். என் கையில் காட்ட ஒரு தாள்கூட இல்லை.

சட்டத்தைப் பிறகுதான் படித்தேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது அதன் 17ஆம் பிரிவின் பொது விதி. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். 'நான் வரைந்தேன், அதனால் எனக்குத்தான்' என்று நம்பிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். உங்கள் படம் அந்த விலக்கில் அடங்குமா என்று வாதாடும் நிலையே வராமல் இருக்க, வேலை தொடங்கும் முன் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவதுதான் வழி.

நீளமான ஒப்பந்தம் வேண்டியதில்லை. இன்று நான் எழுதுவது இவ்வளவுதான்: "இந்த 6 படங்களை உங்கள் உணவுப் பட்டியலிலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் 2 ஆண்டுகள் பயன்படுத்தலாம். பொருட்களில் அச்சிட்டு விற்பதற்குத் தனிக் கட்டணம். பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்." இதன் கீழ் தொகை, தவணை, திருத்தங்களின் எண்ணிக்கை. உரிமையையே விற்பதானால் காலத்தையும் எல்லையையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

வரி பற்றி ஒரு சொல். நிறுவனங்கள் கட்டணத்தில் முன்கூட்டியே வரி (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டு அனுப்பினால் பதற வேண்டாம். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். தாக்கல் செய்யாமல் விடுவதுதான் தவறு. எண்ணும் தேதியும் போட்ட பில்லை முதல் வேலையிலிருந்தே கொடுத்துப் பழகுங்கள்.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பது

நம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்தபோது அங்கே 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த இரண்டு மூன்று நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. என் கணினியும், அதிலிருந்ததைப் பிரதி எடுத்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. இரண்டும் ஒன்றாகவே நனைந்தன. நான்கு ஆண்டு வேலையின் மூல ஃபைல்களில் மின்னஞ்சலில் அனுப்பியவை மட்டும் மிஞ்சின.

இப்போது ஒரு பிரதி இணையச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில் தங்கை வீட்டில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒப்புக்கொள்ளும் வேலைகளுக்கு ஒரு வாரம் கூடுதலாகவே கெடு கேட்கிறேன். காரணத்தைச் சொன்னால் வெளியூர் வாடிக்கையாளர்களும் புரிந்துகொள்கிறார்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிரிட்டாவும் இங்க்ஸ்கேப்பும் இலவசம். திரையில்லாத சாதாரண பென் டேப்லெட்டிலேயே முதல் நான்கு ஆண்டு ஓட்டினேன். திருட்டு மென்பொருளில் வரைந்த படத்தை விற்காதீர்கள். நம் படத்தை அடுத்தவர் எடுத்தால் வலிக்கிறதே, அது அவர்களுக்கும் வலிக்கும்.

விருப்பக்குறிகளை வேலை என்று எண்ணுவது

நடிகர் பிறந்தநாளுக்கு முகம் வரைந்து போட்டால் ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி வருகிறது. அதில் தவறில்லை, கை பழகும். ஆனால் புத்தகத்துக்கு ஆள் தேடும் பதிப்பாசிரியர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அவருக்கு வேண்டியது எதுவும் அங்கே இருக்காது. ஒரே சிறுமியைப் பன்னிரண்டு பக்கத்திலும் அதே சிறுமியாக வரைய முடியுமா, கூட்டத்தை வரைய வருமா, சமையலறை, பஸ், மழை எல்லாம் கை வருமா என்றுதான் அவர் பார்ப்பார். நான்கே பக்கத்தில் ஒரு குட்டிக் கதையை நீங்களே எழுதி, வரைந்து வையுங்கள். ஐம்பது முகங்களைவிட அது அதிகம் பேசும்.

புதுச்சேரி என்றாலே மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் மிதிவண்டியும் வரைகிறோம். அங்கே கடைக்குக் கடை தொங்குவதும் அதுதான். வில்லியனூர் சுடுமண் பொம்மைக்காரர்களின் கைகள், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம், பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கும் விரல்கள் இவற்றை நேரில் உட்கார்ந்து வரைந்தவர்கள் மிகக் குறைவு.

இதை நான் கற்றுக்கொண்டதும் தேவனாம்பட்டினத்தில்தான். அந்தச் சாம்பல் கடல் புத்தகத்தைத் திருத்தி அச்சிட்ட பிறகு, மீனவர் குடியிருப்பில் ஒரு பையனிடம் பிரதி ஒன்றைக் கொடுத்தேன். எட்டு வயது இருக்கும். பக்கம் பக்கமாகப் புரட்டியவன் படகு வந்த இடத்தில் நிறுத்தினான். இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு நாட்டுப் படகைப் பார்த்து நான் வரைந்திருந்தேன். "அக்கா, இந்தப் படகு எந்த ஊர்?" என்று கேட்டான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மணலில் ஏற்றி நிறுத்தியிருந்த அவன் அப்பாவின் ஃபைபர் படகைக் காட்டினான். பின்பக்கம் நீண்ட தண்டோடு மோட்டார், முனையில் சிறிய விசிறி, விளிம்பில் வலை உரசி உரசி நீலப் பெயிண்ட் போன இடத்தில் தெரியும் வெள்ளை நார். அங்கேயே மணலில் உட்கார்ந்து வரைந்தேன். மோட்டார் தண்டு போதுமான நீளம் இல்லை என்று இரண்டு முறை திருத்தச் சொன்னான். இரண்டாம் அச்சில் இருப்பது அந்தப் படகு.