டீக்கி குவளைகளும் காக்டெய்ல் கண்ணாடிகளும்: சேகரிக்கத் தொடங்குபவருக்கான செய்முறை

டீக்கி குவளை என்பது பசிபிக் தீவுகளின் சிற்ப முகங்களை ஒத்த உருவத்தில் வார்க்கப்படும் பீங்கான் குவளை. ரம் கலந்த பானங்களைப் பரிமாறுவதற்காக அமெரிக்க உணவகங்கள் இவற்றைச் செய்வித்தன. வந்தவர்கள் சிலர் காசு கொடுத்தும், சிலர் சத்தமில்லாமல் கைப்பைக்குள் வைத்தும் இவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்படி வெளியேறியவைதான் இன்று பழைய பொருள் சந்தைகளில் சுற்றி வருகின்றன. புதிதாகச் சேகரிக்க வருபவர் முகத்தின் கவர்ச்சியில் மயங்கித்தான் பணத்தை விடுகிறார். குவளையின் கதை அதன் அடிப்பாகத்தில் இருக்கிறது. அதைப் படிக்கப் பழகுவதே இந்தச் செய்முறையின் மையம்.

படி 1: காலத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிவுக்கு வந்த காலத்தில், எர்னஸ்ட் கான்ட் என்பவர் ஹாலிவுட்டில் ஒரு சிறிய மதுக்கூடத்தைத் தொடங்கினார்; அதுவே பின்னர் ‘டான் த பீச்கோம்பர்’ என்று புகழ்பெற்றது. ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜரன் 1934இல் தொடங்கிய உணவகம் சில ஆண்டுகளில் ‘டிரேடர் விக்ஸ்’ ஆனது. அங்கேதான் 1944இல் மாய் டாய் பானத்தை அவர் உருவாக்கினார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் பானங்கள் கண்ணாடியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் குடைந்தெடுத்த அன்னாசியிலும்தான் வந்தன. முகம் பொறித்த பீங்கான் குவளைகள் பரவலானது 1950களின் பிற்பகுதியில்தான். ஆகவே 1930களைச் சேர்ந்த டீக்கி முகக் குவளை என்று யாராவது விலை சொன்னால், அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

1960கள் டீக்கி மோகத்தின் உச்சக்காலம். அதன்பின் வந்த தலைமுறைக்கு இந்த மோகம் பழசாகத் தோன்றவே, டீக்கி மதுக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1961இல் திறக்கப்பட்ட ‘கஹீக்கி’ உணவகம் 2000இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அதே 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் ‘டீக்கி ஃபார்ம்’ நிறுவனம் தொடங்கப்பட்டு, புதிய கூடங்களுக்குப் புதிய வடிவங்களில் குவளைகளைச் செய்துதரத் தொடங்கியது. சேகரிப்பாளர்கள் ‘பழையது’, ‘புதியது’ என்று பிரிப்பது இந்த இரண்டு காலங்களையே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மார்க்கேசஸ் தீவுகளின் டீக்கி சிலைகளும், நியூசிலாந்தின் மாவோரி மக்களின் மரச்சிற்பங்களும், ராப்பா நூயி (ஈஸ்டர்) தீவின் ‘மோவாய்’ எனப்படும் கற்சிலைகளும் அந்தந்த மக்களின் முன்னோரையும் தெய்வங்களையும் சார்ந்தவை. அமெரிக்கக் கூடங்கள் இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து, விளையாட்டுப் பொருளாக்கிவிட்டன. அதனால்தான் இன்றைய கூடங்களில் சில ‘டீக்கி’ என்ற பெயரையே தவிர்த்து, வெப்பமண்டலப் பானக் கூடம் என்று தங்களை அழைத்துக்கொள்கின்றன. எந்த முகம் எந்தத் தீவிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு வாங்குவது குறைந்தபட்ச மரியாதை என்பது என் கருத்து.

படி 2: ஒரு வரம்பைப் போட்டுக்கொள்ளுங்கள்

ஒரே உணவகம், ஒரே தயாரிப்பாளர், ஒரே உருவம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மோவாய் முகங்களை மட்டும் சேகரிப்பவர் உண்டு. டிரேடர் விக்ஸ் கிளைகளின் பொருள்களை மட்டும் தேடுபவரும் உண்டு. வரம்பு இருந்தால் எது அரிது, எது எங்கும் கிடைப்பது என்பது விரைவிலேயே கைவசமாகிவிடும்.

படி 3: அடியைத் திருப்பிப் படியுங்கள்

குவளையைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துவிடுங்கள். அடியில் அழுத்திப் பதித்த எழுத்து இருக்கிறதா, மையில் அச்சடித்த முத்திரை இருக்கிறதா, ஒட்டுத்தாள் இருந்து உரிந்த தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

பழைய குவளைகளில் அதிகம் தென்படும் பெயர்களில் ஒன்று ‘ஆர்க்கிட்ஸ் ஆஃப் ஹவாய்’. பெயரில்தான் ஹவாய், நிறுவனம் இருந்ததோ நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். ஜப்பானில் செய்வித்து இறக்குமதி செய்த குவளைகளை இது அமெரிக்கா முழுவதிலும் இருந்த சீன உணவகங்களுக்கு விற்றது. இதன் குவளைகளின் அடியில் நிறுவனத்தின் பெயரோடு ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பதிந்திருக்கும். அந்த எண் குவளையின் வடிவத்தைக் குறிக்கிறதேயன்றி ஆண்டையோ வரிசையையோ குறிப்பதில்லை; விவரம் தெரியாத விற்பனையாளர்கள் அதைக் காட்டி அரிய பதிப்பு என்று சொல்வதுண்டு. இன்னொரு பெயர் ‘ஓஎம்சி’, அதாவது சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒட்டாகிரி நிறுவனம். அதன் அடையாளம் பல குவளைகளில் ஒட்டுத்தாளாக மட்டுமே இருந்ததால், கழுவிக் கழுவி உரிந்துபோய், இன்று அடையாளமே இல்லாமல் கிடைக்கும். அந்தத் தாள் ஒட்டியிருக்கும் குவளை கிடைத்தால், அழுக்காக இருக்கிறதென்று சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

ஒரே அச்சில் வார்த்த குவளை பல உணவகங்களுக்குப் போயிருக்கும். ஒன்றின் முதுகில் உணவகத்தின் பெயர் சுட்டுப் பதிந்திருக்கும். மற்றொன்று வெறுமையாக இருக்கும். வடிவம் ஒன்றேயானாலும், பெயருள்ளதற்கு, அதிலும் மூடப்பட்டுவிட்ட உணவகத்தின் பெயர் தாங்கியதற்கு, விலை பல மடங்கு கூடும். புதிய குவளைகளின் அடியிலோ கூடத்தின் பெயர், வடிவமைத்தவரின் பெயர், ஆண்டு, மொத்தம் எத்தனையில் இது எத்தனையாவது என்பது வரை விவரமாக எழுதப்பட்டிருக்கும்.

அடியைப் பார்த்தபின் உயரத்தை அளந்துவிடுங்கள். போலியைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. இந்தக் குவளைகள் வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன: கூழ்போலக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள், அச்சு நீரை உறிஞ்ச, சுவரோரமாகக் களிமண் படியும், போதிய கனம் சேர்ந்ததும் மீதியைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, காயவைத்துச் சூளையில் இடுவார்கள். காய்வதிலும் சுடுவதிலும் களிமண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே, சுட்டு முடித்த ஒரு குவளையின் மேலேயே புதிய அச்சு எடுத்து நகல் செய்தால், அந்த நகல் இன்னொரு முறை சுருங்கும். 6 அங்குல அசலின் நகல் சுமார் 5.4 அங்குலத்தில் வந்து நிற்கும். அளவோடு கூர்மையும் போய்விடும்: பற்களுக்கு இடையிலான வரிகள், புருவத்தின் உளி வெட்டுகள் எல்லாம் பல நாள் தேய்த்த சோப்புக்கட்டிபோல மழுங்கியிருக்கும். அசலின் அளவுகளைச் சேகரிப்பாளர்களின் இணையப் பட்டியல்களில் முன்கூட்டியே பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.

படி 4: உடைசலைத் தேடுங்கள்

குவளையை உள்ளங்கையில் நிறுத்தி, விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். முழுமையான குவளை கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஒலி சட்டென்று அடங்கிவிடும். அடுத்து விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். மூக்கு, காது போன்று புடைத்து நிற்கும் இடங்களில்தான் சில்லு முதலில் பெயரும். பெயர்ந்த இடத்தில் வண்ணம் பூசி மறைத்திருந்தால், இருட்டில் புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டுங்கள். பிற்காலத்தில் சேர்த்த பசைகளும் வண்ணங்களும் பெரும்பாலும் சுற்றியுள்ள பூச்சிலிருந்து வேறாக ஒளிரும்.

மேற்பூச்சில் மட்டும் வலைபோல ஓடும் மயிரிழைக் கோடுகள் பழைய குவளைகளில் சாதாரணம். அலமாரிக்கு அது குறையாகாது. ஆனால் அந்தக் கோடுகளின் வழியே ஈரம் உள்ளே இறங்கி, குவளை நாற்றமடிக்கும் என்பதால், ஒருமுறை முகர்ந்தும் பார்த்துவிடுங்கள்.

படி 5: கண்ணாடிகளைப் புறக்கணிக்காதீர்கள்

சேகரிப்பாளர்கள் முகங்களின் பின்னால் ஓடுவதால், கண்ணாடிப் பாத்திரங்கள் மலிவாகவே கிடைக்கின்றன. வரலாற்றில் மூத்தவை இவைதான் என்பதால், கையில் குறைந்த பணம் உள்ளவரை நான் இங்கிருந்தே தொடங்கச் சொல்வேன்.

நான்கு வடிவங்கள் தெரிந்தால் போதும். நியூ ஆர்லியன்ஸின் ‘பாட் ஓ’பிரையன்ஸ்’ கூடத்தில் 1940களில் புகழ்பெற்ற ஹரிக்கேன் பானத்தின் கண்ணாடி, அரிக்கேன் விளக்கின் சிம்னியைப்போல இடை ஒடுங்கி வளைந்திருக்கும். பொதுவாக 600 மில்லிலிட்டர் அளவில் கொள்ளும். ஜாம்பி கண்ணாடி நேராக, ஒல்லியாக, உயரமாக நிற்கும். சுமார் 400 மில்லிலிட்டர். ஜாம்பி பானத்தின் கடுமை கருதி, ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்பதை டான் த பீச்கோம்பரில் விதியாகவே வைத்திருந்தார்கள். மாய் டாய்க்குரியது அடி கனத்த, குட்டையான, அகன்ற கண்ணாடி. நான்காவது ‘பெர்ல் டைவர்’: உடலில் வரிவரியாகப் புடைப்புகள் ஓட, கீழே குறுகிப் பாதத்தில் நிற்பது. இதன் உற்பத்தி நீண்டகாலம் நின்றுபோயிருந்தது. அண்மைக்காலத்தில் ‘காக்டெய்ல் கிங்டம்’ நிறுவனம் மீண்டும் வார்த்து விற்கிறது. எனவே பழைய பெர்ல் டைவர் என்று சொல்லப்படுவதை இந்தப் புதிய வார்ப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழைய விலை கொடுங்கள்.

கண்ணாடியின் அடியில் முத்திரை இருப்பது அரிது. உணவகத்தின் பெயரோ சின்னமோ அச்சிடப்பட்டிருந்தால்தான் காலத்தை உறுதியாகச் சொல்ல முடியும். அந்த அச்சு பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் நாளடைவில் அழிந்துவிடும். ஆகவே கையால் மட்டுமே கழுவுங்கள்.

படி 6: வாங்குங்கள், உடனே பதிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு த்ரிஃப்ட் கடை (பழைய பொருள் கடை), கராஜ் சேல் (வீட்டு வாசல் விற்பனை), ஃபிளீ மார்க்கெட் (பழைய பொருள் சந்தை) ஆகியவை முதலிடம். ஈபே தளத்தில் வாங்குவதானால், விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றின் விலைகளை வடிகட்டிப் பாருங்கள். அடிப்பாகத்தின் படம் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அனுப்பும்போது குவளையின் உட்புறத்தையும் தாளால் நிரப்பி, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

பொருள் வந்த அன்றே அடிப்பாகத்தின் படம், உயரம், விலை, வாங்கிய இடம், குறைகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

படி 7: பயன்பாடும் பாதுகாப்பும்

பழைய குவளையில் குடிக்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வேண்டாம் என்பதே என் பதில். பீங்கான் பாத்திரங்களிலிருந்து கசியும் ஈயத்தை அமெரிக்க அரசு கட்டுப்படுத்தத் தொடங்கியது 1970களில்தான். அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. இந்தப் பானங்கள் பலவற்றில் எலுமிச்சைச் சாறு தாராளமாக இருக்கும். புளிப்பு ஈயத்தை இழுத்துவிடும். குடிப்பதற்கு, உணவுக்கு ஏற்றதென்று தயாரிப்பாளர் உறுதி கூறும் புதிய குவளைகளை வைத்துக்கொண்டு, பழையவற்றை அலமாரியில் நிறுத்துங்கள். நடுவில் எரிமலை வாய் உள்ள பெரிய கிண்ணங்களில் ரம்மை ஊற்றித் தீ மூட்டும் வழக்கமும் பழைய கிண்ணங்களுக்கு ஆகாது. திடீர்ச் சூட்டில் பீங்கான் பிளக்கும்.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். சில குவளைகளின் கண், வாய் வண்ணங்கள் சூளைக்குப் பிறகு பூசப்பட்டவை. தேய்த்தால் உரிந்துவிடும் என்பதால், ஈரப் பஞ்சால் ஓரமாக ஒற்றிப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். உள்ளே படிந்த கறைக்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவி, சற்று ஊறவிட்டுக் கழுவலாம். பிறகு கவிழ்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். பூச்சில்லாத அடிப்பாகம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும்.

கலிஃபோர்னியாவைப்போல நிலம் அதிரும் ஊரில் இருப்பவர்கள், அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மெழுகைப் பட்டாணி அளவில் மூன்று இடங்களில் அடியில் ஒட்டி, குவளையை லேசாகத் திருகி அலமாரியில் அழுத்துங்கள். முத்திரையின் மேலும் ஒட்டுத்தாளின் மேலும் மெழுகு படக்கூடாது. எடுக்கும்போது நேராகத் தூக்காமல், மறுபடியும் திருகியே எடுக்க வேண்டும்.