ஆறாம் அடுக்கு படுத்தும் பாடு: பெருங்குடல் புற்றுநோய்க் கணித மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஸ்டெம் செல்லில் (பிற செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்) ஆறு முக்கிய மரபணுக்கள் கெட்டால் பெருங்குடல் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல் பிரிவில் ஒரு மரபணு கெடும் வாய்ப்பைப் பிரிவுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, ஆறாம் அடுக்குக்கு உயர்த்தி, குடலின் மொத்த ஸ்டெம் செல்களால் பெருக்கினால் தோராயமான அபாயம் வந்துவிடும். எளிமைதான். ஆனால் சறுக்குவதெல்லாம் அந்த ஆறாம் அடுக்கில்.

முதலில் அலகு. பிறழ்வு வேகத்தை (ஒரு பிரிவில் டிஎன்ஏ கெடும் வாய்ப்பு) ஒரு டிஎன்ஏ எழுத்துக்கு என்று தருவார்கள். மாதிரி கேட்பதோ ஒரு மரபணுவுக்கு. மரபணுவில் கெடக்கூடிய இடங்கள் 1,000 என்றால் பிழை ஆயிரம் மடங்கோடு நிற்காது, ஆயிரத்தின் ஆறாம் அடுக்கு.

சராசரி இன்னும் மோசமான பொறி. 100 பேரில் ஒருவருக்கு மட்டும் பிறழ்வு வேகம் 10 மடங்கு. சராசரி வேகம் 1.09, அதன் ஆறாம் அடுக்கு 1.7கூட இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தாலோ 10,000ஐத் தாண்டுகிறது! (அபாயம் மிகச் சிறியதாக இருக்கும்வரை.) அதனால் லிஞ்ச் நோய்க்குறி (டிஎன்ஏ பழுதுநீக்கும் மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருக்கும் நிலை) உள்ளவர்களைத் தனிக் குழுவாக வையுங்கள். அப்போதும் பிறந்த நாளிலிருந்தே எல்லா செல்களிலும் வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். டிஎன்ஏ பழுதுநீக்கும் மரபணுவின் மீதமுள்ள நல்ல பிரதியும் கெட்ட செல்லில்தான் வேகம் கூடும்.

அப்புறம், கணினி. வாய்ப்பு கோடியில் ஒன்று, பிரிவுகள் 7,300 என்றால் ஆறாம் அடுக்கின் மதிப்பில் புள்ளிக்குப் பின் 18 பூஜ்யங்கள். நோய் வராத வாய்ப்பைக் காண அதை 1இலிருந்து கழித்தால் சாதாரண இரட்டைத் துல்லியத்தில் (கணினி சுமார் 16 இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் முறை) விடை 1 என்றே வரும். அபாயம் பூஜ்யம் என்று நிரல் சாதிக்கும். மடக்கையில் கணக்கிட்டால் தப்பிக்கலாம்.

வளைவு தரவோடு பொருந்தியதும் துள்ள வேண்டாம். புற்றுநோய் இறப்பு வீதம் வயதின் ஆறாம் அடுக்கில் ஏறுவதை வைத்து 1954இல் ஆய்வாளர்கள் ஆர்மிட்டேஜும் டாலும் புற்றுநோய்க்கு ஏழு படிநிலைகள் என்றார்கள் (வீதத்தின் அடுக்கு படிநிலைகளைவிட ஒன்று குறைவு, இதையும் பலர் மறப்பார்கள்). 1957இல் அதே இருவர், இடையில் செல்கள் பெருகினால் இரண்டு படிநிலையே போதும் என்றும் காட்டினார்கள்.

2015இல் ஆய்வாளர்கள் டொமாசெட்டியும் வோகல்ஸ்டைனும் பல்வேறு திசுக்களின் ஸ்டெம் செல் பிரிவுகளுக்கும் வாழ்நாள் அபாயத்துக்கும் 0.81 ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, முழுமையானால் 1) கண்டார்கள். வர்க்கம் சுமார் 0.65. உடனே ‘மூன்றில் இரண்டு புற்றுநோய் வெறும் துரதிர்ஷ்டம்’ என்று செய்தி பரவியது. அந்த எண் திசுக்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பற்றியது. நோயாளிகளின் பங்கு அல்ல.