வன்னியிலிருந்து சுவிஸ், அங்கிருந்து காரில் ஜேர்மனி: சாப்பாட்டுப் பை கட்டும் முறை

முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். யாராவது ஒரு தாயோ தகப்பனோ விசா கிடைத்து வெளிக்கிடும்போது என்னிடம் வந்து, "அக்கா, என்னென்ன கொண்டு போகலாம்?" என்று கேட்பார்கள். சுவிஸில் பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் மகள் இருக்கிறாள். 2023இலும் 2025இலும் அவளிடம் போய் மூன்று மூன்று மாதம் நின்றேன். விமானத்தில் கொண்டு போகும் சாமானைப் பற்றிச் சொல்ல இங்கே நிறையப் பேர் உண்டு. ஆனால் அங்கே போய் இறங்கிய இரண்டாம் கிழமையே பிள்ளைகள் காரில் ஏற்றிக்கொண்டு இன்னொரு நாட்டுக்குப் போவார்கள். ஜேர்மனியில் ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேர், பாரிஸில் லாச்சப்பல் கடைத்தெரு, லண்டனில் சொந்தக்காரர் வீடு என்று பயணம் இருந்துகொண்டே இருக்கும். அந்தக் கார்ப் பயணத்துக்கு எப்படிப் பை கட்டுவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒளிக்காதீர்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. வன்னியில் என் வயதில் இருப்பவர்களுக்குச் சாமான் ஒளிப்பது கைப்பழக்கம். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் வவுனியாவிலிருந்து வரும்போது பாண் துண்டைக் குடைந்து உள்ளே பற்றரி வைத்துக் கொண்டு வந்திருக்கிறேன். குளிசையைக் கொண்டைக்குள் முடிந்திருக்கிறேன். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மருந்தும் எண்ணிக் கணக்குப் பார்த்து வந்த காலம் அது. 2002இல் பாதை திறந்த பிறகும் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து மேசையில் கொட்டிக் காட்டும்போது கை நடுங்கும். அந்தப் பயம் உடம்பில் ஊறிவிட்டது. எல்லை என்றாலே எதையாவது மூடிவைக்கத்தான் கை போகும்.

2023 ஆனியில் ஹாம் தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு அதுதான் நடந்தது. மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இருவர், நான் என்று காரில் ஐந்து பேர். ஜேர்மனியில் இறைச்சி மலிவு என்று ஒன்பது கிலோ ஆட்டிறைச்சி வாங்கி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்திருந்தோம். சுவிஸ் எல்லையில் இருக்கும் பாசலுக்குக் கிட்ட வந்ததும், பின் சீற்றில் இருந்த நான் யாரும் சொல்லாமலே என் போர்வையை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டுவிட்டேன். காரை ஓரம் கட்டச் சொன்னார்கள். ஓர் இளம் பெண் அதிகாரி வந்து, சாமான் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். மருமகன் வாய் திறப்பதற்குள் அவருடைய கண் போர்வையில் நின்றுவிட்டது. அதை மெதுவாக விலக்கி, மூடியைத் திறந்து, பொதிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கிலோ வரியில்லாமல் விடுவார்கள். சின்னப் பிள்ளைகளும் கணக்கில் சேர்த்திதான். ஐந்து கிலோ கழிந்தது. மிச்சம் நாலு கிலோவுக்கு, கிலோ 17 பிராங்க் வீதம் 68 பிராங்க். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த 68 பிராங்கோடு முடிந்திருக்கும். மறைத்ததற்குத் தண்டம் வேறு கட்ட வேண்டி வந்தது. வீடு போய்ச் சேரும்வரை மருமகன் ஒன்றும் கதைக்கவில்லை. அவர் அந்த நாட்டில் இருபது வருடமாக நேர்மையாக உழைத்து வாழும் மனிதர். பிள்ளைகளுக்கு முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை.

சரி, இப்போது பைக்கு வருவோம். இங்கிருந்து கட்டும்போதே காருக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஏனென்றால் வன்னிச் சாமானை மகள் வீட்டில் இறக்கிவிட்டு, அதில் பாதியை ஜேர்மனியில் இருக்கும் சகோதரிக்கு என்று மறுபடி காரில் ஏற்றுவோம். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் இலங்கை போன்ற வெளிநாட்டிலிருந்து வரும் உணவுக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே சட்டம்தான்.

இறைச்சியும் பாலும் கிடையவே கிடையாது. உருக்கிய எருமை நெய், தயிர், இறைச்சி வத்தல் எல்லாவற்றையும் இங்கேயே விட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைக்கு என்று ஒரு போத்தல் நெய் மட்டும் என்று மனம் கேட்கும். எனக்கும் கேட்டது. கால்நடை நோய் பரவும் என்ற பயத்தில் போட்ட சட்டம் என்பதால் அளவு குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது. கைக்குழந்தைக்கான பால்மாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. உடைக்காத கடைப் பொதியாகவும், திறக்கும்வரை குளிர்ப்பெட்டியில் வைக்கத் தேவையில்லாததாகவும் இருந்தால் இரண்டு கிலோ வரை விடுவார்கள்.

மீன் அப்படியல்ல. ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டு போகலாம், கருவாடும் அதில் அடங்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் வாங்கும் கட்டா, சீலாக் கருவாட்டை அப்படியே பொதி செய்யாதீர்கள். வாங்கியதை மறுபடி இரண்டு நாள் ஓலைப்பாயில் வெயில் காட்டுங்கள். கையால் வளைத்தால் வளையக் கூடாது, முறிய வேண்டும். முறியும் இடத்தில் உள்சதை வெள்ளையாக, பிசுக்கு இல்லாமல் இருந்தால் சரி. பிறகு ஒவ்வொரு துண்டாகப் பத்திரிகைத் தாளில் சுற்றி, காற்று உறிஞ்சி ஒட்டித் தரும் கடையில் கொடுத்து அரைக் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டுங்கள். சின்னப் பொதியாக இருந்தால் காரில் பிரித்துக் கொடுப்பதும் எளிது, ஒன்று கிழிந்தாலும் மற்றது நாறாது. பொதியின் மேல் பெயரும் நிறையும் எழுதி ஒட்டுங்கள். அதிகாரிக்கு கட்டாக் கருவாடு எதுவென்று தெரியாது. மீன் என்ற சொல்லை ஜேர்மன் மொழியில் மகளைக் கொண்டு எழுதுவித்தால் வேலை சுகம்.

தேனுக்கு ஆளுக்கு இரண்டு கிலோ. இதில்தான் எங்கள் ஆட்கள் பிழை விடுகிறார்கள். காட்டுத் தேனை 750 மில்லிலீற்றர் போத்தலில்தான் விற்பார்கள். இரண்டு போத்தல் என்றால் ஒன்றரை லீற்றர், ஒன்றரைக் கிலோ என்று நினைக்கிறோம். தேன் தண்ணீரை விடக் கனம். ஒரு லீற்றர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ நிற்கும். அப்போது ஒரு முழுப் போத்தல் ஒரு கிலோவைத் தாண்டும், இரண்டு போத்தல் இரண்டு கிலோவைத் தாண்டும். நான் இரண்டு போத்தலிலும் கழுத்துக்குக் கீழே நாலு விரல் குறைத்து வைத்து, தராசில் நிறுத்துவிட்டுத்தான் கட்டினேன். தக்கையைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, மேலே பொலித்தீன் கட்டி, சீலைக்குள் சுருட்டி, விமானத்தில் ஏற்றக் கொடுக்கும் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

பச்சையாக இருக்கும் மரக்கறி, பழம், இலை எதற்கும் தாவர நோய் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் எல்லாம் அதில் அகப்படும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், டுரியான் ஆகிய ஐந்து பழத்துக்கும் மட்டும் சான்றிதழ் தேவையில்லை. கறிவேப்பிலை மணம் வேண்டும் என்றால் மிளகாய்த்தூளுக்கு வறுக்கும்போது இரண்டு பிடி கூடப் போட்டுத் திரித்துக் கொண்டு போங்கள். நான் அப்படித்தான் செய்தேன். புழுக்கொடியல், பனங்கட்டி, பயற்றம் பணியாரம், தட்டை வடை, எள்ளுருண்டை, கச்சான் எல்லாம் கொண்டு போனேன், எங்கேயும் மறிக்கவில்லை.

இனிக் காரில் எல்லை தாண்டுவது. சுவிஸிலிருந்து ஜேர்மனிக்கோ பிரான்சுக்கோ போகும்போது சுவிஸ் கடையில் வாங்கிய இறைச்சி, பால், பாலாடைக்கட்டி ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. காரில் போகும் பெரியவர் ஒருவருக்கு 300 யூரோ பெறுமதி வரை வரியில்லை. பதினைந்து வயதுக்குக் கீழே என்றால் ஜேர்மனிக்குள் 175 யூரோ. குடிவகை வேறு கணக்கு. கடுமையான சாராயம் என்றால் ஒரு லீற்றர். அதோடு வைன் 4 லீற்றரும் பியர் 16 லீற்றரும் விடுவார்கள். இது பதினேழு வயதுக்கு மேற்பட்டவருக்கு மட்டும். இங்கிருந்து பனஞ்சாராயப் போத்தல் கொண்டு போய்க் கொடுக்க நினைப்பவர்கள் ஆளுக்கு ஒரு லீற்றர் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

திரும்பி சுவிஸுக்குள் வரும்போதுதான் கவனம் வேண்டும், ஏனென்றால் வெளியில் எல்லாம் மலிவு என்று வாங்கிக் குவித்துக்கொண்டு வருவோம். இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ என்று மேலே சொன்னேன். வெண்ணெயும் கிறீமும் சேர்த்து ஒரு கிலோ. சமையல் எண்ணெய் ஐந்து லீற்றர். நல்லெண்ணெய் மலிவாக இருக்கிறதே என்று பெட்டி பெட்டியாக ஏற்றுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதுசாரம் 18 விழுக்காட்டுக்கு உட்பட்ட குடிவகை ஐந்து லீற்றர், அதற்கு மேல் ஒரு லீற்றர். வாங்கிய எல்லாவற்றின் பெறுமதியும் முன்பு ஆளுக்கு 300 பிராங்க் வரை விட்டார்கள். 2025 தை (ஜனவரி) முதலாம் திகதியிலிருந்து அது 150 பிராங்க். பிள்ளைகள் பழைய கணக்கிலேயே இருக்கலாம், நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். எல்லா ரசீதையும் ஒரு கடித உறையில் போட்டு முன் சீற்றில் வையுங்கள்.

சுவிஸ் சுங்கத்தின் குயிக்சோல் என்ற செயலி கைப்பேசிக்கு உண்டு. எல்லைக்கு வரமுன்பே கூடுதலான சாமானை அதில் பதிந்து பணமும் கட்டிவிடலாம். 2025இல் மருமகன் வழியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்திய இடத்தில் நான் ரசீதை வாசிக்க வாசிக்க அவர் பதிந்தார். அந்த முறை மறித்தபோது கைப்பேசியைக் காட்டினார், கையசைத்து விட்டுவிட்டார்கள்.

லண்டன் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். சுவிஸ் விசா ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் செல்லும், இங்கிலாந்துக்குச் செல்லாது, அதற்கு வேறு விசா எடுக்க வேண்டும். 2025 சித்திரை (ஏப்ரல்) 12இலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் உள்ளே கொண்டு போக முடியாது. கோமாரி நோய்க்காகப் போட்ட தடை. லாச்சப்பலில் வாங்கிய மட்டன் ரோல்ஸை கலேயில் கப்பல் ஏறமுன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். திரும்பி வரும்போது இன்னும் இறுக்கம். லண்டனிலிருந்து பிரான்சுக்குள் கோழி ரோல்ஸும் வர முடியாது, வெண்ணெய் பூசிய பாணும் வர முடியாது.

அதனால் வழியில் சாப்பிட மரக்கறிதான் கட்டுகிறேன். அதிகாலை நாலு மணிக்கு எழும்பிக் குரக்கன் புட்டு அவித்து, சூடு ஆறவிட்டு வாழையிலையில் பொதி செய்வேன். அங்கே வாழையிலை தமிழ்க் கடையில் கிடைக்கும். தேங்காய்ப்பூவைப் புட்டோடு கூட்டி அவித்தால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். வறுத்துப் போட்டால் பின்னேரம்வரை நிற்கும். கத்தரிக்காய்ப் பொரியல், உழுந்து வடை, ஒரு போத்தல் ஊறுகாய். சம்பலைப் பச்சையாக அரைக்காமல் செத்தல் மிளகாயோடு வறுத்து இடித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் காரின் பின்பெட்டியில் அடியில் வைக்காமல், கேட்டவுடன் திறந்து காட்டக்கூடிய ஒரே கூடையில், போர்வை ஒன்றும் போடாமல், மேலே வையுங்கள்.