40 தாண்டியும் விளையாடுறீங்களா? பழைய அடியோட பண்ணக்கூடாத தப்புகள்

காலேஜ்ல வாலிபால், பொங்கலுக்கு கபடி, தெருவுல டென்னிஸ் பால் கிரிக்கெட்னு ஆடின ஆள் யாரையாவது 45 வயசுல பிடிச்சு கேளுங்க, முட்டியையோ கணுக்காலையோ தொட்டுக்காட்டி "அப்போ விழுந்தது, இன்னும் அப்பப்போ குத்தும்"னு ஒரு கதை வெச்சிருப்பாங்க. அந்த ஆளுங்கதான் இப்போ காலைல ஷட்டில் கோர்ட்லயும் ஞாயித்துக்கிழமை டர்ஃப்லயும் நிக்கிறாங்க, நிக்கட்டும், நல்ல விஷயம்தான். ஆனா எல்லாருமே வலியை மட்டும் வெச்சே முடிவெடுக்கிறாங்க. வலிச்சா மொத்தமா நிறுத்துறது, வலி போனதும் மொத்தமா இறங்குறது, தப்பு பெரும்பாலும் இங்கதான் ஆரம்பிக்குது.

கணுக்கால் சுளுக்கையே எடுத்துக்கோங்க. ரெண்டு மூணு வாரத்துல வீக்கம் வத்திடும், நடக்க முடியும், சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்குவோம். ஆனா ஜவ்வு அடிபட்டப்போ கால் எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்கு சொல்ற அந்த உணர்வும் சேர்ந்து அடி வாங்கியிருக்கும், கால் வெளிப்பக்க தசையும் பலம் இழந்திருக்கும், இதெல்லாம் சும்மா இருந்தா முழுசா திரும்பி வராது. அதனாலதான் ஒருவாட்டி மடங்கின கால் திரும்பத் திரும்ப மடங்குது. இதுக்கு நீங்க பெருசா எதுவும் பண்ண வேண்டாம், பல்லு விளக்கும்போது ஒத்தக்கால்ல நில்லுங்க, அது சுலபமானதும் சுவர் பக்கத்துல நின்னு கண்ணை மூடிட்டு முயற்சி பண்ணுங்க, கூடவே குதிகாலைத் தூக்கி இறக்குறது. அப்புறம் புதுசா மடங்கினா நாலு அடி எடுத்து வைக்க முடியுதான்னு பாருங்க, முடியலைன்னா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். எலும்பு உடைஞ்சிருக்கான்னு சந்தேகப்பட டாக்டருங்க பாக்குற விஷயத்துல இதுவும் ஒண்ணு.

அடுத்தது இந்த ஞாயித்துக்கிழமை வீரர்கள். முப்பதுகளுக்கு அப்புறம் பத்து வருஷத்துக்கு சுமார் 3ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் தசை குறைஞ்சுக்கிட்டே போகும், பயிற்சி இல்லைன்னா. தசையை எலும்போட இணைக்கிற தசைநாண், தசையை விட மெதுவாத்தான் பாரத்துக்குப் பழகும். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் நாற்காலி, ஞாயிறு ரெண்டு மணி நேரம் ஷட்டில்னா அந்த நாண் என்ன பண்ணும்? குதிகால் நாண் அறுந்தவங்க நிறைய பேர் சொல்றது, பின்னாடி இருந்து யாரோ எத்தின மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பாத்தா யாரும் இல்லைன்னு. அப்படி ஆச்சுன்னா சுளுக்குன்னு எண்ணெய் தடவிட்டு உக்காராதீங்க, அன்னைக்கே எலும்பு டாக்டரைப் பாருங்க.

அறுந்து போகாம சும்மா வலிச்சுக்கிட்டே இருக்கிற குதிகால் நாணுக்கு ஒரு நல்ல கதை இருக்கு. ஹோகன் ஆல்ஃப்ரெட்சன்னு சுவீடன் எலும்பு டாக்டர், அவருக்கே இந்த வலி, ஆபரேஷன் பண்ண மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம், சரி மொத்தமா அறுந்தாலாவது பண்ணுவாங்கன்னு வேணும்னே நாண் மேல பாரத்தை ஏத்திப் பாத்திருக்கார், வலி போயிடுச்சு! அப்புறம் ஓடுற பழக்கம் உள்ள 15 பேரை வெச்சு 12 வாரம், படி விளிம்புல நின்னு குதிகாலை மெதுவா கீழ இறக்கிற பயிற்சி கொடுத்து 1998ல வெளியிட்டார், எல்லாருமே பழைய மாதிரி ஓட ஆரம்பிச்சாங்க. சின்ன ஆய்வுதான், ஆனா நாள்பட்ட நாண் வலிக்கு ஓய்வை விட அளவா பாரம் கொடுக்கிறதுதான் மருந்துங்கிறது இன்னைக்கு பிசியோங்க பெரும்பாலும் ஒத்துக்கிற விஷயம்.

அளவுன்னா என்னன்னு கேட்டா, பத்துக்கு மூணு நாலு வரைக்கும் வலி இருக்கலாம், மறுநாள் காலைல பழைய நிலைக்கு வந்துடணும். வரலைன்னா நேத்து பண்ணது அதிகம், குறைச்சுக்கோங்க, நிறுத்த வேண்டாம்.

ஐஸும் முழு ஓய்வும்னு எல்லாருக்கும் மனப்பாடம். 1978ல அதை பிரபலப்படுத்தின அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுறதை தாமதப்படுத்தலாம்னு 2014ல எழுதிட்டார். வலி தாங்கலைன்னா கொஞ்ச நேரம் ஐஸ் வைங்க, தப்பில்ல. ஆனா புதுசா வீங்கின இடத்தை முதல் ரெண்டு மூணு நாள் அழுத்தி உருவாதீங்க.

எனக்கு ரொம்ப கடுப்பாகுறது மாத்திரை விஷயம்தான். மேட்ச்சுக்கு முன்னாடியே ஒரு வலி மாத்திரையைப் போட்டுட்டு இறங்குறாங்க, அதுவும் டாக்டர் சீட்டு இல்லாம மெடிக்கல்ல கேட்டு வாங்கி. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் வகையெல்லாம் வயித்துல புண்ணாக்கும், பிபியை ஏத்தும், கிட்னியை பாதிக்கும், ஏற்கனவே சுகர் பிபி இருக்கிறவங்களுக்கு இன்னும் மோசம். டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து அதைத் தின்ன கழுகுங்க கிட்னி போய் கொத்துக் கொத்தா செத்துச்சு, 2006ல மாட்டுக்கு அதைக் கொடுக்கிறதையே இந்தியாவுல தடை பண்ணாங்க. மனுஷன் கழுகு இல்லதான், ஒரே மாத்திரையில ஒண்ணும் ஆகாதுதான், ஆனா வாராவாரம் முழுங்குறது வேற கணக்கு.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாத்து பயந்து விளையாட்டையே விடுறது இன்னொரு தப்பு. வலியே இல்லாத ஆளுங்க முதுகை ஸ்கேன் பண்ணதுல 20 வயசுல 37 சதவீதம், 50 வயசுல 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்துச்சுன்னு 2015ல பல ஆய்வுகளை சேர்த்துப் பாத்து சொன்னாங்க. முட்டியும் அப்படித்தான், 2008ல வந்த அமெரிக்க ஆய்வுல மெனிஸ்கஸ் (முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு) கிழிஞ்சவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு அதுக்கு முந்தின ஒரு மாசத்துல வலியே இல்ல. அதனால ரிப்போர்ட்ல இருக்கிறதுதான் உங்க வலிக்கு காரணம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஆனா முட்டி பூட்டு போட்ட மாதிரி நீட்ட முடியாம மாட்டிக்கிட்டாலோ, நடக்கும்போது முட்டி திடீர்னு பிடி விட்டு மடங்கிட்டாலோ அது வேற, போய் காட்டணும். எடையும் பாருங்க, 1 கிலோ குறைச்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல சுமார் 4 கிலோ பாரம் குறையுது, முட்டிக்கு மாட்டுற உறை (knee cap) வாங்குற காசும் மிச்சம்.

ஸ்டீராய்டு ஊசி பத்தி சுருக்கமா, டென்னிஸ் எல்போவுக்கு (முழங்கை வெளிப்பக்க வலி) போட்டா சில வாரம் சுகமா இருக்கும், ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ஊசி போடாதவங்கதான் நல்லா இருக்காங்கன்னு ஆய்வுகள் சொல்லுது. சச்சினுக்கு வந்ததால பெரிய ஆட்டக்காரங்க வியாதின்னு பேரு, நிஜத்துல ஸ்பேனர் பிடிக்கிறவங்க, துணி பிழியிறவங்கன்னு மட்டையே தொடாதவங்களுக்குத்தான் அதிகம் வருது.

கடைசியா, எல்லாத்தையும் பழைய அடி தலையில கட்டிடாதீங்க. தோள் மெல்ல மெல்ல இறுகி கையைத் தூக்கவே முடியலைன்னா சுகர் டெஸ்ட் பண்ணுங்க, சுகர்காரங்களுக்கு இது அதிகமா வரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா இருந்தா அது ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்ச கட்டியா இருக்கலாம். ராத்திரி படுத்தாலும் விடாத வலி, கூடவே காய்ச்சலோ, காரணமில்லாம எடை குறையுறதோ இருந்தா தள்ளிப்போடாதீங்க. விளையாடும்போது இடது தோள், தாடைன்னு வலி பரவி வேர்த்துக் கொட்டினா 2003ல பவுலிங் போட்ட தோள்னு சமாளிக்காம ஆட்டத்தை அப்பவே நிறுத்திட்டு 108க்கு போன் போடுங்க, வண்டியை நீங்களே ஓட்டிட்டுப் போகாதீங்க.