தொட்டியில் தாமரை: முதல் நாற்பது நாள்

தாமரையின் கிழங்கும் வேரும் காற்றுப் புகாத சேற்றுக்குள் கிடக்கின்றன. இலைகளோ நீருக்கு மேல் எழுந்து வெயிலில் நின்று, உள்வாங்கிய காற்றைக் காம்பிலுள்ள நீண்ட துளைகளின் வழியே கிழங்குவரை இறக்கி அனுப்புகின்றன. காம்பைக் குறுக்கே நறுக்கினால் கண்ணுக்குத் தெரியும் அந்தத் துளைகள்தாம் இச்செடியின் உயிர்நாடி. தொட்டியில் வளர்ப்பவர் செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன. மொட்டை மாடியில் பல ஆண்டுகளாகத் தாமரை வளர்த்து வரும் அனுபவத்தில் சொல்கிறேன்: பூக்காமல் போன தொட்டிகளில் உரக்குறைவால் கெட்டவற்றைவிட, முதல் நாற்பது நாளில் காட்டிய அவசரத்தால் கெட்டவையே அதிகம்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், கிழங்கிலிருந்தும் வளர்க்கலாம். விதையின் ஓடு கல்போல் கடினமானது. 1951இல் ஜப்பானின் சிபா நகரில் மண்ணுக்கடியிலிருந்து தாவரவியலாளர் இச்சிரோ ஓகா எடுத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானதென்று மதிப்பிடப்பட்ட விதை ஒன்று முளைத்து, மறு ஆண்டே பூத்தது என்பதிலிருந்து அந்த ஓட்டின் காவலை அறியலாம். அதனால் விதையை அப்படியே ஊறவைத்துப் பயனில்லை. உப்புத்தாளிலோ சொரசொரப்பான தரையிலோ ஒரு பக்கத்தைத் தேய்த்து, கறுத்த ஓட்டுக்குள் வெளிர்நிறம் தெரிந்தவுடன் நிறுத்திவிட்டு, நாள்தோறும் தண்ணீர் மாற்றி ஊறவைத்தால் ஒரு வாரத்துக்குள் பச்சைக் குருத்து எட்டிப்பார்க்கும். ஆனால் விதையில் வரும் செடி தாய்ச்செடியின் நிறத்தையும் இதழ் அடுக்கையும் அப்படியே கொண்டுவராது. பூக்கவும் நெடுநாள் ஆகும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கடைகளில் தாமரை விதை என்ற பெயரில் விற்கும் வெண்ணிறப் பொரியான மக்கானா தாமரையின் விதையே அன்று. அது பீகாரில் பெருமளவு விளையும், முள்நிறைந்த வேறொரு நீர்ச்செடியின் விதை. அதன் பச்சை விதையை வாங்கி ஊறவைத்தாலும் தாமரை வராது.

ஆகவே முதன்முறை வளர்ப்பவர் கிழங்கையே வாங்குவது நல்லது. நல்ல கிழங்கில் குறைந்தது இரண்டு கணுக்களும், உடையாத வளர்நுனி ஒன்றும் இருக்க வேண்டும். அந்த நுனியைச் சற்று உற்றுப் பாருங்கள். யானைத்தந்த நிறத்தில், கொக்கின் மூக்கைப்போல் கூர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக உறை போர்த்தி இருக்கும். முளைகட்டிய பயறு எவ்வளவு எளிதில் ஒடியுமோ அவ்வளவு எளிதில் இதுவும் ஒடியும். கிழங்கு விரல் பருமன் இருந்தாலும் போதும், நுனி முழுதாக இருந்தால் பிழைக்கும். கைப்பருமன் கிழங்காக இருந்து நுனி ஒடிந்திருந்தால் பெரும்பாலும் அழுகும். அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும் கிழங்கை வாங்க வேண்டா.

தொட்டிக்கு அடியில் துளை இருக்கக் கூடாது. 20 முதல் 24 அங்குல விட்டமும் 12 அங்குல ஆழமும் உள்ள வட்டமான தொட்டி பொருத்தம். கிழங்கு பக்கவாட்டில் ஓடும் இயல்புடையதால் சதுரத் தொட்டியின் மூலையில் நுனி முட்டி நின்றுவிடுகிறது. மண் கனமாக இருக்க வேண்டும். ஏரி வண்டலோ வயல் களிமண்ணோ கிடைத்தால் வேறெதுவும் தேவையில்லை. தேங்காய் நார்க்கழிவு கலந்த மாடித்தோட்டக் கலவை இங்கே உதவாது. அது நீரில் மிதந்து, கிழங்கையும் தன்னோடு மேலே தூக்கிவிடும். அடியில் ஓரிரு கைப்பிடி எலும்புத்தூளும் நன்கு மக்கிய தொழுவுரம் ஓர் அங்குல அளவும் பரப்பி, அதன்மேல் ஐந்தாறு அங்குலம் வெறும் களிமண்ணை இட்டு, கல், வேர் எல்லாம் பொறுக்கி, தோசைமாவு பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். உரம் கிழங்கைத் தொடாமல் அடியிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த அடுக்கின் நோக்கம்.

நடும்போது தொட்டியின் ஓரத்தில் சேற்றைக் கையால் விலக்கி, வளர்நுனி நடுவை நோக்கி இருக்குமாறு கிழங்கைச் சாய்வாகக் கிடத்தி, உடல்பகுதியை மட்டும் மண்ணால் மூடி, நுனியைச் சற்றே வெளியே தெரியும்படி விடுங்கள். மிதந்து எழாமலிருக்க ஒரு தட்டையான ஓட்டுத்துண்டை மண் மூடிய பகுதியின் மேல் வைக்கலாம். பின்னர் தண்ணீரை மண்மேல் நேராகக் கொட்டாமல், ஒரு தட்டின்மேல் மெல்ல ஊற்றி, இரண்டு மூன்று அங்குலம் நிற்கும்வரை நிரப்ப வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரானால் ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடத்தில் தொட்டி இருக்க வேண்டும். நிழலில் வைத்தால் இலை வரும், பூ வாராது. தமிழ்நாட்டில் மாசி, பங்குனி மாதங்கள் நடவுக்கு ஏற்றவை.

இனித்தான் அந்த நாற்பது நாள் தொடங்குகிறது. ஒரு வாரம், பத்து நாளில் காசு அளவு வட்ட இலைகள் நீர்மேல் வந்து படியும். இவை மிதவை இலைகள். கிழங்கில் சேர்ந்திருந்த உணவைக் கொண்டு வந்தவை. இந்தக் கட்டத்தில் வேர் அநேகமாக இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் எனக்கு இது தெரியவில்லை. சின்ன இலைகளைக் கண்ட மகிழ்ச்சியில், சீக்கிரம் பெரிதாகட்டும் என்று பச்சைச் சாணத்தைக் கரைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் தண்ணீர் நுரைத்து நாறியது. இலைகளின் விளிம்பு தீய்ந்தது. பத்தாம் நாள் கிழங்கை எடுத்துப் பார்த்தால் கூழாகக் கையில் வந்தது. மக்காத சாணம் நீருக்குள் புளித்து, மிச்சமிருக்கும் உயிர்வளியையும் தின்றுவிடுகிறது. காற்றை இறக்கித் தர எழுந்து நிற்கும் இலைகளும் அப்போது செடிக்கு இருப்பதில்லை. ஆதலால் இந்த நாள்களில் உரம் வேண்டா. ஆழத் தண்ணீரும் வேண்டா. கிழங்கு வேர்விட்டதா என்று தோண்டிப் பார்ப்பதும் வேண்டா. தண்ணீர் பச்சையாக மாறினால் பதற வேண்டியதில்லை. இலைகள் பெருகி நிழல் விழுந்தால் அந்தப் பச்சை தானே தெளியும். அடிக்கடி தண்ணீரை மாற்றினால் பாசிதான் புதிதாகத் தழைக்கும். ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுசெய்தால் போதும்.

ஒரு நாள் காலையில், இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு ஓலைச்சுருளைப்போல் கூர்த்த இலை ஒன்று, நீரில் படியாமல் நிமிர்ந்து எழும். அதைக் கண்டதும் வேர் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். அவ்வாறு ஐந்தாறு இலைகள் எழுந்து நின்ற பிறகே உரமிட வேண்டும். மட்கிய உரத்தை உருண்டையாக்கியோ, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கலப்புரம் ஒரு தேக்கரண்டியைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டியோ, வளர்நுனிக்கு எதிர்ப்புறமாகத் தொட்டியின் ஓரத்தில், சேற்றுக்குள் விரல் ஆழம் புதைக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இது போதும். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பாசிக்குத்தான் விருந்து. இப்போது நீர்மட்டத்தையும் நான்கைந்து அங்குலமாக உயர்த்தலாம். சித்திரை வெயிலில் நாள்தோறும் நிரப்ப நேரும். காலையில் நிரப்புவது நல்லது, நண்பகலில் கொதிக்கும் தொட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது.

மொட்டு பெரும்பாலும் எழுந்து நிற்கும் இலையொன்றின் காம்படியிலிருந்து வரும். அதனால் அந்த இலைகளை வெட்டிவிடாதீர்கள். பழுத்த இலையை அகற்றுவதானாலும், காம்பை நீர்மட்டத்துக்கு மேலேயே வெட்டுங்கள். நீருக்குள் வெட்டினால் காற்று போகும் துளைகளில் தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுக வழி பிறக்கும். பூ முதல் நாள் காலையில் சிறிதே திறந்து மீண்டும் மூடும். இரண்டாம் நாள் நன்றாக விரியும். மூன்றாம் நாள் நிறம் வெளுக்கும். நான்காம் நாள் இதழ்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து பொகுட்டு மட்டும் நிற்கும். விடியற்காலையில் விரியும் பூவுக்குள் விரலை மெல்ல நீட்டினால் ஒரு வெதுவெதுப்பு உண்டு. சுற்றுப்புறம் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தாலும் தாமரைப் பூ தன் உட்பகுதியை 30 டிகிரிக்கு மேல் காத்துக்கொள்கிறது என்பதை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவிலிருந்த செடிகளில் அளந்து 1996இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பூசைக்குக் கொய்ய விரும்புவோர் இரண்டாம் நாள் காலையில் கொய்யலாம். இறுகிய மொட்டாகக் கொய்தால் அது பெரும்பாலும் தானாக விரியாது, இதழ்களைக் கையால் மடித்துத்தான் வைக்க நேரும்.

தேங்கிய நீரென்றால் கொசு வரும். நான்கைந்து கப்பி மீன்களை விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். இளங்காம்பிலும் மொட்டிலும் கூட்டமாக ஒட்டும் அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். வேப்பெண்ணெயை மிகவும் நீர்க்கச் செய்து, மாலையில், பூச்சி உள்ள இடத்தில் மட்டும் துணியால் துடைத்துவிடுங்கள். நீர்ப்பரப்பில் எண்ணெய் படர்ந்தால் மீன்களுக்குக் கேடு.

மார்கழிக் குளிரிலும் குறும்பகலிலும் இலைகள் ஒவ்வொன்றாகக் காயும்போது செடி செத்துவிட்டதென்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அப்போதுதான் அது சேற்றுக்குள் கிழங்கைப் பருக்க வைக்கிறது. மண் காயாதபடி நீர் நிற்கவிட்டு, உரத்தை நிறுத்திக் காத்திருந்தால் போதும். தை கடைசியில் தொட்டியைச் சாய்த்து, சேற்றைத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து, விரல்களால் தடவிக் கிழங்குகளை வெளியே எடுங்கள்; மண்வெட்டியோ கரண்டியோ பட்டால் நுனி ஒடியும். இரண்டு கணுவும் ஒரு நுனியும் உள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒன்றைப் புதிய மண்ணில் நட்டுவிட்டு, மற்றவற்றை ஈரமான துணியில் சுற்றி, நுனிப்பக்கம் எது என்று அடையாளமிட்டு, கேட்பவர்க்குக் கொடுக்கலாம்.